இருபது டாலர் கையெழுத்து: ஒரு ஜமைக்கத் திரைப்படமும் கானாவின் உரிமையும்

1972இல் ஜமைக்காவில் வெளியான ‘தி ஹார்டர் தே கம்’ திரைப்படத்தில் ஒரு காட்சி உண்டு. நாட்டுப்புறத்திலிருந்து தலைநகர் கிங்ஸ்டனுக்குப் பிழைப்புத் தேடி வந்த ஐவன் என்னும் இளைஞன், தான் இயற்றிய பாடலை ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடி முடிக்கிறான். இசைத்தட்டுத் தொழில் முழுவதையும் தன் பிடியில் வைத்திருக்கும் ஹில்டன் என்னும் முதலாளி, ஒரு தாளை நீட்டி இருபது டாலர் தருவதாகச் சொல்கிறான். ஐவன் மறுக்கிறான். இசைத்தட்டைத் தானே சுமந்துகொண்டு விற்க அலைகிறான். ஹில்டன் வழியாக வராத பாடலை ஒலிக்கவிட எவருக்கும் துணிவில்லை. திரும்பி வந்து கையெழுத்திடுகிறான். பின்னர் அப்பாடல் நகரமெங்கும் ஒலிக்கும்போது ஐவன் காவல்துறையால் தேடப்படும் குற்றவாளி; வருவாய் ஹில்டனுக்கு.

ரெகே இசையை உலகுக்கு அறிமுகம் செய்த படம் என்றே இதைக் குறிப்பிடுவது வழக்கம். அது உண்மைதான். ஆயினும் கானாவும் பறையும் திரையரங்குக்கும் யூடியூபுக்கும் உலக மேடைகளுக்கும் சென்று சேர்ந்துள்ள இக்காலத்தில், ஒடுக்கப்பட்டோரின் இசையைப் பேசும் நமக்கு அந்த இருபது டாலர் காட்சியே முதன்மையானது. பாட்டு யாருடையது என்ற வினாவுக்கு நாம் உணர்வுபூர்வமாக விடை சொல்லிவிடுகிறோம். அதே வினாவைச் சட்டம் கேட்கும்போது காட்டுவதற்கு நம் கையில் ஒரு தாளும் இருப்பதில்லை.

படத்தின் கதைக்கு வேர் உண்மை நிகழ்வு. ‘ரைகிங்’ என அழைக்கப்பட்ட வின்சென்ட் ஐவன்ஹோ மார்ட்டின் 1948இல் சிறையிலிருந்து தப்பி, காவலர்களைச் சுட்டுவிட்டுப் பல மாதங்கள் பிடிபடாமல் திரிந்து, அவ்வாண்டு அக்டோபர் 9 அன்று லைம் கே என்னும் சிறு தீவில் சுட்டுக் கொல்லப்பட்டவன். ஏழை மக்களிடையே அவன் பெயர் கதையாக நிலைத்தது. இயக்குநர் பெரி ஹென்செல், டிரெவர் ரோனுடன் இணைந்து எழுதிய திரைக்கதையில், அவனை இருபதாண்டுகளுக்கும் மேலாக முன்னகர்த்திப் பாடகனாக்கினார். ஐவனாக நடித்த ஜிம்மி கிளிஃப் தாமே சிறுவயதில் கிராமத்திலிருந்து கிங்ஸ்டனுக்குப் பாட வந்தவர். நகரில் இறங்கிய முதல் நாளே உடைமைகள் களவு போவதும், வேலை கேட்டு வீடு வீடாக நின்று விரட்டப்படுவதும், ஒரு கைகலப்புக்காக நீதிமன்றம் விதித்த பிரம்படியைக் கட்டிவைத்து நிறைவேற்றுவதும் படத்தில் எவ்வித அலங்காரமுமின்றிக் காட்டப்படுகின்றன.

கிங்ஸ்டன் கேரிப் திரையரங்கில் படம் முதன்முதலில் திரையிடப்பட்டபோது கட்டுக்கடங்காத கூட்டம் திரண்டது. காரணம் எளிது. ஜமைக்கர்கள் தங்கள் தெருவை, தங்கள் முகத்தை, பள்ளிக்கூடம் ‘கொச்சை’ என ஒதுக்கிய தங்கள் பேச்சைத் திரையில் அதுவரை கண்டதில்லை. ஆங்கிலம் பேசும் நாடான அமெரிக்காவில் இந்த ‘ஆங்கிலப் படத்துக்கு’ ஆங்கிலத் துணையெழுத்து இட வேண்டியிருந்தது. சென்னைத் தமிழை நகைச்சுவை நடிகருக்கு மட்டும் ஒதுக்கிவைத்த திரைப்பட மரபில் வளர்ந்த நமக்கு இதன் பொருள் விளங்கும்.

வெளிநாடுகளில் படம் உடனே வென்றுவிடவில்லை. இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் ஹென்செல் தாமே நின்று துண்டறிக்கை வழங்கினார். அமெரிக்காவில் நள்ளிரவுக் காட்சிகள் வழியாகவே படம் பரவியது; மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜ் நகரின் ஆர்சன் வெல்ஸ் திரையரங்கில் ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஜிம்மி கிளிஃப், டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ், டெஸ்மண்ட் டெக்கர், மெலோடியன்ஸ் ஆகியோரின் பாடல்களைத் தொகுத்த இசைத்தட்டு, படத்தைக் காணாதோர் வீடுகளுக்கும் சென்றது. சங்கீதம் 137ஐத் தழுவிய மெலோடியன்ஸின் பாடல் அவற்றுள் ஒன்று. சிறைப்பிடிக்கப்பட்டு அந்நிய மண்ணில் அமர்ந்து அழுவோரின் அந்தச் சங்கீதம், அச்சரப்பாக்கம் மழைமலை மாதா கோயிலுக்கு நடந்து வரும் பக்தர்களுக்கும் அந்நியமானதன்று. படத்துக்குத் துணைநின்ற கிறிஸ் பிளாக்வெல்லின் ஐலண்ட் நிறுவனத்தை ஜிம்மி கிளிஃப் விட்டு விலகிய பின், அதே நிறுவனம் பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவை 1973இல் உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றது. 1979இல் இங்கிலாந்தின் தி கிளாஷ் குழு தன் பாடலொன்றில் ஐவனை நினைவுகூர்ந்தது. 2018இல் யுனெஸ்கோ ரெகேயை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. கிங்ஸ்டன் சேரிகளில் பிறந்த இசைக்கு ஐம்பதாண்டுகளுக்குள் கிடைத்த ஏற்பு இது.

படத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஹென்செல் வெள்ளை ஜமைக்கர்; கறுப்பின ஏழைகளின் கதையைச் சொல்லும் கருவியும் மூலதனமும் அவர் கையில்தான் இருந்தன. எல்சா என்னும் பெண் பாத்திரம் ஐவனின் நிழலாகவே தேய்ந்துபோகிறது. துப்பாக்கியுடன் புகைப்படத்துக்கு நிற்கும் ஐவனின் தோரணை, சுரண்டலுக்கு எதிரான சினத்தைத் தனிமனித வீரமாகச் சுருக்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஆனால் ஹென்செல் அதை அறிந்தே செய்திருக்கிறார் என்பது என் கருத்து. கிங்ஸ்டன் திரையரங்கில் இத்தாலிய கௌபாய் படம் பார்த்துக் கைதட்டும் ஐவன், கடற்கரையில் சாகும் கணத்திலும் தன்னை அப்படத்தின் நாயகனாகவே கற்பனை செய்கிறான். வேறு எந்த உரிமையும் இல்லாதவனுக்கு அந்தக் கற்பனை ஒன்றே சொந்தமாயிருந்தது.

அதே 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார் முதலியோர் தலித் பேந்தர் இயக்கத்தைத் தொடங்கினர். தசாலின் ‘கோல்பீட்டா’ கவிதைத் தொகுப்பும் அவ்வாண்டே வெளிவந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும் நகரத்தின் விளிம்பில் தள்ளப்பட்டோர் தம் சொந்த மொழியிலேயே பேசத் தொடங்கிய காலம் அது என்பதை இந்த ஒற்றுமை காட்டுகிறது.

நம் மாவட்டத்தின் கதையும் ஐவனின் கதையைப் போலப் பேருந்திலும் ரயிலிலும் தொடங்குவதுதான். நிலமற்ற மக்கள் செங்கல்பட்டுச் சேரிகளிலிருந்து துறைமுகத்துக்கும் பின்னி ஆலைக்கும் வடசென்னையின் குடிசைகளுக்கும் சென்றனர். அவர்கள் ஏன் நிலமற்றிருந்தனர் என்பதை 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கை பதிவு செய்துள்ளது. அதன் தொடர்ச்சியாகவே 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கான அரசாணை வந்தது. மதுராந்தகம் பகுதியின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அடுத்த ஆண்டு, 1893இல், இழிவாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாக்கிப் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். வசைச்சொல்லைத் தலைநிமிர்வின் சொல்லாக்கும் அந்த உத்தியை நம் மண் நூற்றாண்டுக்கு முன்பே அறிந்திருந்தது.

இசையிலும் அதே போக்கு நிகழ்ந்தது. ஆனால் நேர்க்கோட்டில் அன்று. பறை நெடுங்காலம் கலையாகக் கருதப்படவில்லை. சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் கட்டாயமாக அடிக்க வைக்கப்பட்ட ஊழியமாகவே அது இருந்தது. ஆதலால் தலித் இயக்கங்களின் முதல் முழக்கம் ‘பறையடிக்க மாட்டோம்’ என்பதாயிற்று. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் போன்ற தலைவர்கள் அதற்காகப் போராடினர். அந்த மறுப்பு நிகழ்ந்த பின்னரே பறையை மீண்டும் கையிலெடுக்கும் துணிவு வந்தது. மதுரை இறையியல் கல்லூரியில் ‘பறட்டை அண்ணன்’ தியோபிலஸ் அப்பாவு செய்த இசைப்பணி, தலித் கலை விழாக்கள், திண்டுக்கல் ‘சக்தி’ பெண்கள் குழு ஆகியவை 1990களில் அதைச் செய்தன. மறுப்பைத் தாண்டி வந்த பறைக்கும் கட்டாயத்தால் ஒலித்த பறைக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமும் ஏற்கிறது. எவரையும் ஊதியமின்றியோ அச்சுறுத்தியோ பறையடிக்க வைத்தால் அது அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பு; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

கானா நகரத்தின் பிள்ளை. வடசென்னையின் சாவு வீட்டில், மேசையைத் தட்டியோ டேப் அடித்தோ, இறந்தவரின் வாழ்வை இரவு முழுதும் பாடிக் கூட்டத்தை அழவும் சிரிக்கவும் வைக்கும் கலை அது. திரைப்படம் அதை முதலில் கேளிக்கையாகவே எடுத்துக்கொண்டது. 1990களில் இசையமைப்பாளர் தேவா அதன் மெட்டுகளைப் பரவலாக்கினார். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் தாமே திரையில் தோன்றிப் பாடினார். தமிழகம் முழுதும் அந்தப் பாட்டைப் பாடியது. அதைப் பெற்ற தெருவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அந்தத் தெரு திரைக்கு வந்தது பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யிலும் (2012) ‘மெட்ராஸ்’ படத்திலும் (2014). கேரிப் திரையரங்கில் நிகழ்ந்ததற்கு நம்மிடம் மிக நெருங்கிய ஒப்புமை ‘மெட்ராஸ்’ என்பேன். வடசென்னை ஹவுசிங் போர்டு குடியிருப்பும், கால்பந்தும், தெருமுனை நடனக் குழுவும், ஒரு சுவரைக் கைப்பற்ற நடக்கும் அரசியலும், புளியந்தோப்பைச் சேர்ந்த கானா பாலாவின் குரலில் ஒலிக்கும் மரண கானாவும் அதில் கதையின் உறுப்புகள். சாவுப் பாட்டு அங்கே கேலிக்காக வருவதில்லை. அரசியல் கொலைக்கு இரையானவனை ஊர் நினைவுகூரும் முறையாக வருகிறது. ‘ரவுடி’ என்னும் ஒற்றைச் சொல்லால் திரைப்படம் அடையாளப்படுத்தி வந்த பகுதிக்கு முகமும் பெயரும் வாசிப்பும் உண்டு என்று அப்படம் காட்டியது. சாதியின் பெயர் வாய்விட்டுச் சொல்லப்படவில்லை என்னும் விமரிசனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மௌனத்தை மீறித் தம்மை அடையாளம் கண்டுகொண்ட பார்வையாளர்கள் பலர்.

ரெகே படத்தின் தாக்கம் இசைத்தட்டு வழியே சென்றதுபோல, இங்கு அது மேடை வழியே சென்றது. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. ‘சாதிபேதமற்ற’ என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லே அப்பெயருக்கு மூலம். கானா, ராப், ராக் மூன்றையும் கலந்து இட ஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் அவர்கள் பாடினர். ஆண்களின் கலையாகவே அறியப்பட்ட கானாவில் இசைவாணி தனிக்குரலாக எழுந்தார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2018இல் வந்த ஐயப்பன் பாடலுக்காக 2024 நவம்பரில் அவர்மீது அவதூறும் மிரட்டலும் பொழியப்பட்டன. ஒரு தலித் பெண் பாடிய பாட்டு ஆறாண்டு கழித்தும் தண்டிக்கப்படலாம் என்பது இந்த வரலாற்றின் மற்றொரு பக்கம். 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’, சபாக்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட மாதத்தில் ஒப்பாரியையும் பறையையும் கானாவையும் மேடையேற்றியது.

இனி இருபது டாலருக்கு வருவோம். 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலில் தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் மூவரும் பங்களித்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு அப்பாடலை எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ், இப்பாடலையும் ‘சார்பட்டா பரம்பரை’யின் ஒரு பாடலையும் முன்னிறுத்தித் தீ, ஷான் வின்சென்ட் டி பால் இருவரையும் அட்டையில் அச்சிட்டது. இரண்டு பாடல்களையும் எழுதிய அறிவு அட்டையில் இல்லை. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பின் அவருக்கெனத் தனி மின்னட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவரின்றியே பாடல் ஒலித்தது. பாடலை இயற்றியதும் எழுதியதும் பாடியதும் தாமே என அறிவு எழுத, மற்ற இருவரும் தத்தம் விளக்கங்களை வெளியிட்டனர். 2024 மார்ச்சிலோ, தம் மூவருக்குமே அப்பாடலால் ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் கூறினார். யார் சொல்வது சரி எனத் தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலை அன்று. புகழின் உச்சியில் உள்ள ஒரு பாடலுக்கே பங்கும் வரவும் இவ்வளவு கலங்கலாக இருந்தால், யூடியூப் சேனலுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குப் பாடிக்கொடுக்கும் புளியந்தோப்புப் பையனின் நிலை என்ன என்பதே நம் கவலை.

சட்டத்தின் பாதையைச் சுருக்கமாகக் காண்போம். 1977இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் பணத்தில் திரைப்படத்துக்காக இயற்றப்பட்ட இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் எனத் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர், பாடகரின் உரிமையைச் சட்டம் கண்டுகொள்ளாததைத் தனிக்குறிப்பாக எழுதினார். நிகழ்த்துநர் உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. பெருமாற்றம் 2012இல் நிகழ்ந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் படைப்பின் பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்தாலும், திரையரங்குக்கு வெளியேயான பயன்பாட்டில் கிடைக்கும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. சட்டப்படியான வாரிசுக்கோ, வசூலிப்பதற்காகப் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றலாம். மாறாக எழுதப்படும் ஒப்பந்தம் செல்லாது. 18ஆம் பிரிவின் இந்தக் காப்பு, திரைப்படத்தைச் சேராத தனிப்பாடல் ஒலிப்பதிவுக்கும் உண்டு. பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் 38ஏ பிரிவு வணிகப் பயன்பாட்டில் ராயல்டியையும், 38பி பிரிவு தம் பெயர் குறிப்பிடப்படும் உரிமையையும் தருகின்றன.

செங்கல்பட்டு மாவட்டத்தார்க்கு இச்சட்ட அமைப்பு பழக்கமானது. பஞ்சமி நிலமும் இப்படித்தான் வழங்கப்பட்டது: குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு மாற்றக் கூடாது, மீறிய கிரயம் செல்லாது. ஏழையிடமிருந்து கையெழுத்து வாங்குவது எளிது என்பதை அறிந்த சட்டம், கையெழுத்தையே செல்லாததாக்கிக் காக்க முயன்றது. ஆயினும் அந்நிலம் எங்கே போயிற்று என்பதை நாம் அறிவோம். காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். ‘செல்லாது’ என்று சட்டம் சொன்ன கிரயங்களை அசைப்பதற்கு அவ்வளவு விலை தேவைப்பட்டது. பாடலின் உரிமையும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. வேலியும் எல்லைக்கல்லும் இல்லாததால் போவது தெரிவதில்லை.

அச்சரப்பாக்கம், மதுராந்தகம், செய்யூர்ப் பகுதிகளின் பறையிசை, கானாக் குழுவினர் என்னிடம் கொண்டுவரும் தாள்கள் பெரும்பாலும் ஒரே வகையின. ‘எல்லா உரிமைகளையும், எல்லா நாடுகளுக்கும், எக்காலத்துக்கும்’ என்னும் ஒற்றைப் பத்தி, கீழே கையெழுத்து, எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், வாசித்தவர் யார் என்ற விவரம் இராது. அத்தாளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எழுத்து வடிவில் கையெழுத்திடப்படாத உரிமை மாற்றம் செல்லாது. வாய்ப்பேச்சில் எதுவும் கைமாறிவிடாது. காலம் குறிப்பிடப்படாவிடில் அது ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிடில் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்ளும். எனவே அந்த ‘எக்காலத்துக்கும்’ என்னும் சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்திடுவதே பெரும் காப்பு. பாடல் பதிவாகும் நாளிலேயே பங்களித்தோர் பெயர்களையும் பங்கு விகிதத்தையும் ஒரு தாளில் எழுதி அனைவரும் ஒப்பமிட வேண்டும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். குழுவுக்குள்ளேயே எழுதிக்கொள்ளத் தயங்குகிறோம். அண்ணன் தம்பிக்குள் கணக்கா என்கிறோம். பெரும்பாலான பூசல்களின் விதை அங்கேதான் விழுகிறது.

மரபுப் பாடல்களின் நிலை இதைவிடக் கடினம். பெயரறியாப் பாட்டிகளின் ஒப்பாரிக்குச் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் இல்லை. அதை எடுத்து ஒழுங்கு செய்து பதிவிட்டவர் தம் வடிவத்துக்கு உரிமை கோரலாம். சமூகத்துக்குக் கூட்டுரிமை தரும் ஏற்பாடு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. ஆனால் ஒப்பாரி பாடிய மூதாட்டி நிகழ்த்துநர் என்னும் வகையில் உரிமை உடையவர். அவர் குரலைப் பதிவு செய்து வணிகத்துக்குப் பயன்படுத்தியவர் அவர் பெயரைச் சொல்லவும் ராயல்டி தரவும் கடமைப்பட்டவர். இவ்வுரிமை ஐம்பதாண்டு நீடிக்கும்.

உரிமை மீறப்பட்டால் மும்பைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டும் என்று கருதியே பலர் விட்டுவிடுகின்றனர். பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, வழக்காடுபவர் தாம் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். அச்சரப்பாக்கத்தில் ரயிலேறினால் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு ஒரு மணி நேரப் பயணம். ஒப்பந்தத்தின் நகல், பாடல் பதிவான நாளின் செல்பேசிக் காணொளி, பணம் வந்த வங்கிக் கணக்கின் தாள் ஆகிய மூன்றையும் கொண்டுவந்தால் மனு எழுதத் தொடங்கலாம்.